எல்என் சமன்பாடுகள்: தீர்ப்பதற்கு முன் உள்ளே பாருங்கள்

எல்என், அதாவது இயல் மடக்கை, வரும் சமன்பாட்டைக் கண்டதும் பலர் செய்கிற முதல் காரியம், நினைவில் இருக்கிற ஏதோ ஒரு விதியை எடுத்துப் போட்டு எல்என்னை எப்படியாவது விரட்டப் பார்ப்பதுதான். விரட்டுவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை, நாலு விதி தெரிந்தால் போய்விடும். சிரமம் அதற்குப் பிறகு வருகிறது. எல்என் போன பிறகு கையில் இருக்கிற சமன்பாடும் நீங்கள் தொடங்கிய சமன்பாடும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. புதிதாக ஒரு விடை முளைத்திருக்கலாம், இருந்த விடை ஒன்று தொலைந்திருக்கலாம். இந்த இரண்டும் எங்கே நடக்கிறது, எதனால் நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் சாதாரண இயற்கணிதம். அதனால் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் குறியீடு. இயல் மடக்கையை வாயால் சொல்கிற மாதிரியே எல்என் என்று எழுதுகிறேன், கால்குலேட்டரில் லாக் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்குமே, அதேதான். கண்டுபிடிக்க வேண்டிய எண் ய. ஈ என்பது 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் போகிற மாறிலி. அடுக்குக்கு ^ குறி போடுகிறேன், ஈ^(2ய) என்றால் ஈ-யின் அடுக்கு 2ய.

எல்என் என்ன கேட்கிறது?

எல்என்(20) என்பதை ஒரு கேள்வியாகப் படியுங்கள்: ஈ-யை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 20 வரும்? விடை 2.9957. அவ்வளவுதான் எல்என். அதனால் கீழே இருக்கிற இரண்டு வரியும் ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்கின்றன:

எல்என்(அ) = ப
அ = ஈ^ப

இதிலிருந்தே முக்கியமான சங்கதி ஒன்று வந்துவிடுகிறது. ஈ ஒரு மிகை எண். அதை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும், அடுக்கு மைனஸ் நூறாகவே இருந்தாலும், வருவது மிகை எண்தான். பூஜ்யம் வராது, குறை எண் வராது. எனவே எல்என்(0), எல்என்(−4) என்ற கேள்விகளுக்கு மெய்யெண்களில் விடை கிடையாது. எல்என்னுக்குள்ளே இருப்பது எப்போதும் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும்.

இதைக் கேட்டதும் சிலர் எல்என்னின் விடையும் மிகையாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லவே இல்லை. எல்என்(ய) = −2 என்றால் ய = ஈ^(−2), அதாவது சுமார் 0.1353. முழுக்கச் சரியான விடை. கட்டுப்பாடு உள்ளே போகிற எண்ணுக்கு, வெளியே வருகிற எண்ணுக்கு அல்ல. உள்ளே 1-க்குக் குறைவாகப் போனால் வெளியே குறை எண் வரும், சரியாக 1 போனால் பூஜ்யம் வரும்.

நோட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு வரியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்என்(ய) = 3 என்று எழுதி, அடுத்த வரியில் ய = 3/எல்என் என்று எழுதியிருப்பார்கள். சில சமயம் எல்என்(ய + 1)/எல்என்(4) என்பதில் மேலேயும் கீழேயும் இருக்கிற எல்என்னைப் பேனாவால் ஒரே கோடாக அடித்துவிட்டு (ய + 1)/4 என்று எழுதியிருப்பார்கள். எல்என் ஒரு எண்ணாக இருந்து ய-வோடு பெருக்கப்பட்டிருந்தால்தான் அப்படி அடிக்க முடியும். அது எண் இல்லை, சார்பு. வர்க்கமூலக் குறி மாதிரி உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு வேலை. வர்க்கமூலத்தை நீக்க வர்க்கப்படுத்துகிறோம், எல்என்னை நீக்க இரண்டு பக்கத்தையும் ஈ-யின் அடுக்கில் ஏற்றுகிறோம். வேறு வழி இல்லை.

ஒரே ஒரு எல்என் இருந்தால்

4 + 3·எல்என்(2ய − 1) = 10

பேனாவைத் தொட்டதும் எழுத வேண்டிய முதல் வரி, உள்ளே இருப்பதன் நிபந்தனை: 2ய − 1 > 0, அதாவது ய > 1/2. இதை நோட்டின் ஓரத்தில் கட்டம் போட்டு வைத்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசியில் யாரும் பார்ப்பதில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்புறம் எல்என்னைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். 4-ஐக் கழித்தால் 3·எல்என்(2ய − 1) = 6, மூன்றால் வகுத்தால் எல்என்(2ய − 1) = 2. இப்போதுதான் ஈ-யில் ஏற்றலாம்:

2ய − 1 = ஈ²
ய = (ஈ² + 1)/2 ≈ 4.1945

இது 1/2-ஐவிடப் பெரிது, சரி. தனியாகக் கொண்டுவராமல் முதல் வரியிலேயே ஈ-யில் ஏற்றினால் என்ன ஆகும்? இடதுபக்கம் முழுவதும் ஒரே அடுக்காக மேலே போகும், ஈ^(4 + 3·எல்என்(2ய − 1)). அதை ஒழுங்காகப் பிரித்தால் ஈ⁴ × (2ய − 1)³ என்று வரும், அதிலிருந்தும் சரியான விடைக்கு வந்து சேரலாம்தான். ஆனால் அவசரத்தில் கை எழுதுவது ஈ⁴ + 3(2ய − 1) = ஈ¹⁰ என்று; ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக ஏற்றிவிடுவது. கூட்டல் அடுக்குக்குப் போனால் பெருக்கலாகிவிடும் என்பதை மறக்க வைக்கிற வரி இது. எல்என் தனியாக நிற்கிற வரைக்கும் ஈ-யைத் தொடாதீர்கள், இந்தப் பிழை வரவே வராது.

கூட்டலும் கழித்தலும்: புது விடை முளைக்கிற இடம்

1614-இல் ஜான் நேப்பியர் மடக்கையை உலகத்துக்கு வெளியிட்டபோது அவருடைய நோக்கமே பெரிய பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றி, வானியல் கணக்குப் போடுகிறவர்களின் பாரத்தைக் குறைப்பதுதான். அந்தக் குணம்தான் இன்றைக்கு நாம் பயன்படுத்துகிற விதி:

எல்என்(அ) + எல்என்(ப) = எல்என்(அப)
எல்என்(அ) − எல்என்(ப) = எல்என்(அ/ப)

இரண்டு மூன்று எல்என் இருக்கிற சமன்பாட்டில் இவற்றைக் கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டுகிறோம். எடுத்துக்காட்டு:

எல்என்(ய) + எல்என்(ய − 2) = எல்என்(15)

ஓரத்தில் எழுத வேண்டியது: ய > 0, ய − 2 > 0. இரண்டும் சேர்ந்து ய > 2. திரட்டினால் எல்என்(ய(ய − 2)) = எல்என்(15). இரண்டு பக்கமும் ஒற்றை எல்என் மட்டும் நிற்பதால் உள்ளே இருப்பவை சமம், ய² − 2ய − 15 = 0. காரணிப்படுத்தினால் (ய − 5)(ய + 3) = 0, ஆகவே 5 அல்லது −3. ஓரத்து நிபந்தனை −3-ஐத் தள்ளிவிடுகிறது. விடை 5. சரிபார்த்தால் எல்என்(5) + எல்என்(3), அது எல்என்(15)-தான்.

அந்த −3 எங்கிருந்து வந்தது? இருபடிச் சமன்பாட்டில் தப்பு ஏதும் இல்லை, −3 அதற்கு உண்மையான மூலம். தொடக்கத்தில் ய-வும் தனியாக மிகையாக இருக்க வேண்டும், ய − 2-வும் தனியாக மிகையாக இருக்க வேண்டும். திரட்டிய பிறகு அவற்றின் பெருக்கற்பலன் மிகையாக இருந்தால் போதும் என்று நிபந்தனை தளர்ந்துவிட்டது. இரண்டு குறை எண்களைப் பெருக்கினாலும் மிகைதானே, (−3) × (−5) = 15. அந்தத் தளர்வு வழியாகத்தான் −3 உள்ளே வந்தது. திரட்டுகிற ஒவ்வொரு முறையும் கதவு கொஞ்சம் அகலமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதி வைத்த நிபந்தனைதான் காவல்.

இங்கே ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இந்த எடுத்துக்காட்டை மட்டும் பார்த்தவர்கள் "மைனஸ் விடை வந்தால் தள்ளிவிட வேண்டும்" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது விதியே இல்லை. இதைப் பாருங்கள்:

எல்என்(3 − ய) + எல்என்(1 − ய) = எல்என்(8)

நிபந்தனை ய < 3, ய < 1. ஆக ய < 1. திரட்டினால் (3 − ய)(1 − ய) = 8, அதாவது ய² − 4ய − 5 = 0. மூலங்கள் 5, −1. இப்போது தள்ள வேண்டியது 5-ஐ! அதைப் போட்டால் எல்என்(−2) வந்துவிடும். −1-ஐப் போட்டால் எல்என்(4) + எல்என்(2) = எல்என்(8), அழகாகப் பொருந்துகிறது. ய மிகையா குறையா என்பது கேள்வியே இல்லை, எல்என்னுக்குள்ளே இருப்பது மிகையா என்பதுதான் கேள்வி.

இன்னும் ஒன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது:

எல்என்(ய − 5) + எல்என்(2 − ய) = 0

யோசிக்காமல் திரட்டினால் (ய − 5)(2 − ய) = 1, அதைச் சுருக்கினால் ய² − 7ய + 11 = 0, மூலங்கள் (7 ± √5)/2, அதாவது 4.618-உம் 2.382-உம். பார்க்க நல்ல விடைகள் மாதிரியே இருக்கின்றன, பெருக்கிப் பார்த்தால் 1-உம் வருகிறது. ஆனால் ஓரத்தில் நிபந்தனையை எழுதியிருந்தால் ய > 5, ய < 2 என்று வந்திருக்கும். ஐந்துக்கு மேலேயும் இரண்டுக்குக் கீழேயும் ஒரே சமயத்தில் இருக்கிற எண் எது? எதுவும் இல்லை. முதல் வரியிலேயே "தீர்வு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம்.

கழித்தல் வரும்போதும் இதே கதைதான். எல்என்(ய + 1) − எல்என்(ய − 2) = 1 என்று இருந்தால் நிபந்தனை ய > 2. திரட்டி, ஈ-யில் ஏற்றினால் (ய + 1)/(ய − 2) = ஈ. வலதுபக்கம் 1 இருந்தது ஈ-யாக மாறுகிறது என்பதைக் கவனியுங்கள், பலர் அந்த 1-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். குறுக்கே பெருக்கினால் ய + 1 = ஈ·ய − 2ஈ. இங்கே ஈ ஒரு வெறும் எண், 2.718 மாதிரி, அதைக் கண்டு மிரள வேண்டாம். ய-க்களை ஒரு பக்கம் சேர்த்தால்

ய(ஈ − 1) = 2ஈ + 1
ய = (2ஈ + 1)/(ஈ − 1) ≈ 3.746

இரண்டைவிடப் பெரிது, விடை நிற்கிறது.

திரட்டுவதைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்ல வேண்டும்: எல்என்(அ + ப) என்பதை எதுவாகவும் பிரிக்க முடியாது. எல்என்(3 + 5) என்பது எல்என்(8), 2.079. எல்என்(3) + எல்என்(5) என்பது எல்என்(15), 2.708. சந்தேகம் வந்தால் இப்படி இரண்டு சின்ன எண்களைப் போட்டுப் பாருங்கள், ஆனால் இரண்டு 2-களை மட்டும் போட்டுவிடாதீர்கள், 2 + 2-உம் 2 × 2-உம் நாலே என்பதால் தப்பான விதியும் சரி மாதிரி தெரியும்.

அடுக்கைக் கீழே இறக்குவது: விடை தொலைகிற இடம்

எல்என்(அ^ந) = ந·எல்என்(அ). அடுக்கில் இருக்கிற எண்ணை முன்னால் கொண்டுவரலாம். பாடத்தில் இதை எல்லோரும் பாய்ந்து படித்துவிடுவார்கள், ஆனால் திரட்டும் விதி விடையைக் கூட்டிவிடுகிறது என்றால் இந்த விதி விடையைக் குறைத்துவிடும், அதுதான் இன்னும் மோசம். கூடுதலாக வந்த விடையைச் சரிபார்த்துத் தள்ளலாம், தொலைந்த விடையைச் சரிபார்க்க அது கையிலேயே இருக்காதே.

எல்என்(ய²) = 6 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழக்க தோஷத்தில் 2·எல்என்(ய) = 6, எல்என்(ய) = 3, ய = ஈ³ ≈ 20.0855 என்று முடித்துவிடுவோம். ஆனால் −20.0855-ஐயும் வர்க்கப்படுத்தினால் அதே எண்தானே வருகிறது? முதல் வரியில் நிபந்தனை ய² > 0, அதாவது ய பூஜ்யமாக இல்லாமல் இருந்தால் போதும், குறை எண்ணுக்கும் இடம் இருந்தது. இரண்டைக் கீழே இறக்கிய அந்த நொடியில் ய > 0 என்ற புது நிபந்தனையை நாமே போட்டுவிட்டோம். பாதி உலகம் வெளியே போய்விட்டது. இறக்கியே ஆக வேண்டும் என்றால் 2·எல்என்|ய| என்று மட்டு மதிப்புக் கோடு போட்டு இறக்குங்கள். அல்லது இறக்காமலே ய² = ஈ⁶ என்று எடுத்து, ய = ±ஈ³ என்று முடியுங்கள்.

வித்தியாசம் நெஞ்சில் பதிய இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள்:

2·எல்என்(ய) = எல்என்(ய + 6)
எல்என்(ய²) = எல்என்(ய + 6)

இரண்டும் ய² = ய + 6 என்ற ஒரே சமன்பாட்டுக்குத்தான் வந்து சேரும், மூலங்கள் 3, −2. முதலாவதில் ய > 0 தேவை, அதனால் 3 மட்டும். இரண்டாவதில் ய + 6 > 0 என்பதும் ய பூஜ்யமாக இல்லை என்பதும் போதும், −2-ஐப் போட்டால் இடது எல்என்(4), வலது எல்என்(4). ஆகவே இரண்டு விடையும் சரி. கடைசி வரி ஒன்றுதான், தொடங்கிய வரிதான் வேறு. விடையைச் சரிபார்ப்பது என்றால் நடுவில் வந்த வரியில் போட்டுப் பார்ப்பதல்ல, கேள்வித்தாளில் இருக்கிற முதல் வரியில் போட்டுப் பார்ப்பது.

எல்என்னின் வர்க்கம்

எல்என்(ய²) வேறு, (எல்என் ய)² வேறு. முன்னதில் ய-வை வர்க்கப்படுத்திவிட்டு எல்என் எடுக்கிறோம், பின்னதில் எல்என் எடுத்துவிட்டு வர்க்கப்படுத்துகிறோம். பின்னது வந்தால் அடுக்கை இறக்குகிற விதி செல்லாது. அங்கே செய்ய வேண்டியது எல்என்(ய)-வையே ஒரு மாறியாகப் பாவிப்பது:

(எல்என் ய)² − 5·எல்என்(ய) + 6 = 0

எல்என்(ய)-வை த என்று வைத்தால் த² − 5த + 6 = 0, த = 2 அல்லது 3, ஆக ய = ஈ² அல்லது ஈ³. த கிடைத்ததுமே கணக்கு முடிந்த திருப்தியில் 2, 3 என்று விடை எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் நிறைய. ய-வைத்தானே கேட்டார்கள்.

இரண்டு வகையும் ஒரே சமன்பாட்டில் வரும்போது சுவாரஸ்யம்: (எல்என் ய)² = எல்என்(ய²). இடதுபக்கமே ய > 0 என்று கட்டுப்படுத்திவிட்டதால் வலதுபக்கத்தில் இரண்டைத் தைரியமாக இறக்கலாம், த² = 2த. இங்கே இரண்டு பக்கமும் த-வால் வகுத்து த = 2 என்று எழுதினால் த = 0 தொலைந்துவிடும். த(த − 2) = 0 என்று காரணிப்படுத்துங்கள்; த = 0 தருவது ய = 1, த = 2 தருவது ய = ஈ². இரண்டும் சரியான விடைகள்.

ய மேலே அடுக்கில் இருந்தால்

இது எதிர்த்திசைப் பயணம். இதுவரை எல்என்னை நீக்க ஈ-யைக் கூப்பிட்டோம், இப்போது அடுக்கில் மாட்டிக்கொண்ட ய-வைக் கீழே இறக்க எல்என்னைக் கூப்பிடுகிறோம். 5·ஈ^(0.3ய) = 40 என்றால் முதலில் 5-ஆல் வகுத்து ஈ^(0.3ய) = 8, பிறகு இரண்டு பக்கமும் எல்என், 0.3ய = எல்என்(8) = 2.0794, ய ≈ 6.931. அடிமானம், அதாவது அடுக்கைச் சுமக்கிற எண், ஈ-யாக இல்லாவிட்டாலும் இதே வழிதான். 3^ய = 20 என்றால் ய·எல்என்(3) = எல்என்(20), ய = எல்என்(20)/எல்என்(3) = 2.9957/1.0986 ≈ 2.727. இதை எல்என்(20/3) என்று சுருக்கிவிடாதீர்கள், அது 1.897, சம்பந்தமே இல்லாத எண். இரண்டு மடக்கைகளின் விகிதம் வேறு, விகிதத்தின் மடக்கை வேறு.

இரண்டு பக்கமும் வேறு வேறு அடிமானம் இருந்தால், எடுத்துக்காட்டாக 2^(ய + 3) = 5^ய, எல்என் எடுத்ததும் (ய + 3)·எல்என்(2) = ய·எல்என்(5). அடைப்புக்குறியை மறக்காமல் போடுங்கள். விரித்து ய-க்களைச் சேர்த்தால் ய = 3·எல்என்(2)/(எல்என்(5) − எல்என்(2)) ≈ 2.269.

ஈ^(2ய) − ஈ^ய − 6 = 0 மாதிரி வந்தால் எல்என் எடுக்கவே எடுக்காதீர்கள், மூன்று உறுப்புகளின் கூட்டலுக்கு எல்என் எடுத்து எங்கேயும் போக முடியாது. ஈ^ய-வை த என்று வைத்தால் த² − த − 6 = 0, த = 3 அல்லது −2. ஈ-யின் அடுக்கு குறை எண் ஆகாது என்று முதலிலேயே பார்த்தோம், ஆகவே −2 போகட்டும்; ய = எல்என்(3) ≈ 1.0986.

இந்த வகைக் கணக்குகள்தான் வெளியுலகில் அதிகம் வருகின்றன. கார்பன்-14 அணுக்களின் அரை ஆயுட்காலம் சுமார் 5,730 ஆண்டுகள். பழைய மரத்துண்டு ஒன்றில் முதலில் இருந்த கார்பன்-14-இல் 30 சதவீதம்தான் மிச்சம் என்று அளந்திருந்தால் அதன் வயது என்ன? சமன்பாடு ஈ^(−கவ) = 0.3, இங்கே வ என்பது வயது, க என்பது சிதைவு மாறிலி. அரை ஆயுட்காலத்தில் பாதி மிச்சம் என்பதால் ஈ^(−5730க) = 0.5, எனவே க = எல்என்(2)/5730. எல்என்(2) 0.6931 என்பதால் க ≈ 0.00012097. இப்போது −கவ = எல்என்(0.3) = −1.204. இரண்டு பக்கமும் மைனஸ் இருப்பதால் வயது மிகையாகத்தான் வரும்: வ = 1.204/0.00012097, சுமார் 9,950 ஆண்டுகள். பாதிக்கும் கால்வாசிக்கும் இடையில் மிச்சம் இருக்கிறது, ஆகவே வயது 5,730-க்கும் 11,460-க்கும் இடையில் விழ வேண்டும், விழுகிறது. இப்படி ஒரு தோராயப் பார்வை பார்த்துவிட்டுக் கணக்கை மூடுவது நல்ல பழக்கம்.

கால்குலேட்டரில் கவனிக்க வேண்டியது

லாக் பொத்தான் பெரும்பாலும் பத்தை அடிமானமாகக் கொண்டது, எல்என் பொத்தான் ஈ-யை. 20-க்கு முன்னது 1.3010 காட்டும், பின்னது 2.9957. இரண்டும் 2.302585 மடங்கு வித்தியாசம், அது எல்என்(10). மாற்றி அழுத்திவிட்டோமா என்று சந்தேகம் வந்தால் எல்என்(2) 0.693 என்பதை நினைவில் வைத்திருங்கள், 2 போட்டு அழுத்தி 0.301 வந்தால் அது வேறு பொத்தான். நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம்: பைத்தானின் கணித நூலகத்தில் லாக் என்று எழுதி ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால் கிடைப்பது இயல் மடக்கை, எக்செல்லில் அதே லாக் பத்தை அடிமானமாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, எண்ணைச் சுருக்கி எழுதுவது. எல்என்(ய) = 8.346 என்று வந்ததை 8.3 என்று சுருக்கிவிட்டு ஈ-யில் ஏற்றினால் ய ≈ 4,024 வரும். சுருக்காமல் ஏற்றினால் ய ≈ 4,213. எல்என்னில் 0.01 தவறினால் விடையில் ஒரு சதவீதம் தவறும், அடுக்கில் ஏறும்போது சின்னப் பிழையும் பெருகிவிடும். அதனால் கடைசி வரி வரைக்கும் ஈ³, எல்என்(8) என்று குறியீடாகவே வைத்திருந்து, முடிவில் ஒரு முறை மட்டும் தசமமாக்குங்கள்.

எந்த விதியும் உதவாத சமன்பாடு

ய + எல்என்(ய) = 3

ய ஒரு தடவை எல்என்னுக்கு வெளியே, ஒரு தடவை உள்ளே. எல்என்னைத் தனிமைப்படுத்தி ஈ-யில் ஏற்றினால் ய = ஈ^(3 − ய), இப்போது ய அடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு ய மாட்டிக்கொள்ளும். பள்ளி இயற்கணிதத்தில் இதற்கு வழி இல்லை. லாம்பர்ட் டபிள்யூ என்று ஒரு சார்பு இருக்கிறது, இந்த மாதிரிச் சிக்கலுக்கென்றே வரையறுக்கப்பட்டது, ஆனால் அதன் மதிப்பையும் கடைசியில் எண்களாகத்தான் கணக்கிட வேண்டும். எனவே நேராகவே எண்களுக்குப் போகலாம்.

முதலில் எத்தனை விடை இருக்கும் என்று பாருங்கள். ய > 0. ய கூடக் கூட ய-வும் கூடுகிறது, எல்என்(ய)-வும் கூடுகிறது, ஆகவே கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போகும், 3-ஐ ஒரே ஒரு முறைதான் கடக்கும். ய = 2 போட்டால் 2.693, ய = 3 போட்டால் 4.099. விடை 2-க்கும் 3-க்கும் நடுவில், 2-க்குப் பக்கத்தில்.

சமன்பாட்டை ய = 3 − எல்என்(ய) என்று எழுதி, வலதுபக்கம் 2-ஐப் போட்டால் 2.3069 வரும். அதைத் திரும்ப வலதுபக்கம் போட்டால் 2.1641. அடுத்து 2.2280, பிறகு 2.1989, பிறகு 2.2120. மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே ஆட்டம் குறைந்துகொண்டு வருவது தெரிகிறதா? வகையிடல் தெரிந்தவர்கள் நியூட்டன் முறையைப் போடுங்கள், இன்னும் வேகம். ய-விலிருந்து (ய + எல்என்(ய) − 3)/(1 + 1/ய) என்பதைக் கழித்தால் அடுத்த மதிப்பு. 2-இல் தொடங்கினால் முதல் அடியில் 2.2046, இரண்டாவது அடியில் 2.2079. அதை முதல் வரியில் போட்டுப் பாருங்கள்: எல்என்(2.2079) ≈ 0.7920, கூட்டினால் 2.9999.